கதிர்வீச்சும் சிறுநீரகமும்: விலங்குகளிடம் நீங்கள் நேரில் பார்த்தது (மூன்று பேர் புனைபெயரில் எழுதியவை)

எலிக்கூண்டு:
ஒரு எலிக்கு உடல் முழுக்க 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரே தவணையில். அதில் எலும்பு மஜ்ஜை அழிந்துவிடும் என்பதால் மஜ்ஜை மாற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டோம். எலி நன்றாகத் தின்றது, ரோமம் பளபளத்தது. வாரங்கள் கழித்து ஒரு காலையில் அதன் சிறுநீரில் டிப்ஸ்டிக் என்ற சோதனைப் பட்டையைத் தொட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கட்டம் பச்சையானது. புரதம் கொட்டுகிறது, சிறுநீரகம் பழுதாகிறது என்று அர்த்தம். அந்த நேரம் அது என் கையுறை விரலை நக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ரத்தத்தில் யூரியா ஏறியது, பி.பி. ஏறியது. குடலின் உள்தோல் சில நாளில் புதிதாக வளர்ந்துவிடும். சிறுநீரகம் மீளவே மீளாது.

மாத்திரைப்பெட்டி:
கைவிட்டுவிடலாம் என்பது போல எழுதாதீர்கள். அதே 10 கிரே வாங்கிய எலிகளுக்குக் குடிநீரில் கேப்டோபிரில் என்ற பி.பி. மருந்தைக் கலந்து கொடுத்ததை நானும் பார்த்தேன். வெறும் தண்ணீர் குடித்தவை முதுகு கூனி மூலையில் கிடந்தன, மருந்து குடித்தவை தண்ணீர்க் குழாய்க்கு முட்டிமோதின. கதிர்வீச்சுக்குச் சில வாரம் கழித்துத் தொடங்கினாலும் பலன் உண்டு என்று மில்வாக்கியில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1990-களிலேயே காட்டிவிட்டார்கள்.

எலிக்கூண்டு:
பலனை யார் மறுத்தது? சேதம் மெதுவாகிறது, அழியவில்லை. சுண்டெலிகளின் சிறுநீரகத்துக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட்டு மறுபடி கதிர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாங்கும் சக்தி கூடவில்லை, குறைந்துதான் போனது. இதை எப்படி மீட்சி என்பது?

பூனைவீடு:
எங்கள் கிழட்டுப் பூனைக்குத் தைராய்டு அதிகம். கனடாவில் இருக்கிறோம், கதிர்வீச்சால் தைராய்டை அடக்கும் அயோடின்-131 ஊசி போட்டார்கள். அடுத்த மாதமே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) ஏறிவிட்டது. கதிர்வீச்சுதான் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று டாக்டர் மேசையருகே அழுதுவிட்டேன். அவர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தைராய்டு மிகுந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாயும், வடிகட்டலும் கூடும். அதனால் ஏற்கெனவே இருந்த நோய் தெரியாமல் மறைந்திருந்ததாம். தைராய்டு அடங்கியதும் வெளியே வந்துவிட்டது.

இந்த ஊசி போட நினைப்பவர்கள் முதலில் மெத்திமசோல் மாத்திரை கொடுத்து, தைராய்டு அடங்கியபின் கிரியாட்டினின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிறுநீரின் அடர்த்தி, பி.பி. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஊசிக்குப் பிறகு டி4 என்ற தைராய்டு ஹார்மோன் மிகவும் இறங்கினாலும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான். அப்போது தைராய்டு மாத்திரை கொடுத்தால் கிரியாட்டினின் இறங்க வாய்ப்புண்டு. ஈரமான உணவு கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தரவே தராதீர்கள். ஊசி போட்டுக்கொண்டு வந்த பூனையின் மலசல மண்ணைக் கையுறை போட்டே அள்ளுங்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் ஆஸ்பத்திரியில் சொல்லும் நாள்வரை அதனிடம் விடாதீர்கள்.