தேர்தல் முறையை மாற்ற நகரம் மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

நெய்தல்:
மேயர், நகர மன்றத் தேர்தலுக்கு எந்த வாக்களிப்பு முறை வேண்டும் என்பதை மக்களைக் கேட்டு முடிவு செய்ய ஒரு நகரம் நினைக்கிறது. விருப்ப வரிசை முறையில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என வரிசை போடுவோம்; குறைவாக வாங்கியவர் வெளியேற, அவர் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 'விருப்ப வரிசை முறை வேண்டுமா, வேண்டாமா' என்று நேரடியாகக் கருத்துக்கணிப்பு வைத்தால் போதாதா?

கணக்கன்:
போதாதுங்க. முறையின் பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் பெயர் பிடித்தவர்கள் 'ஆம்' என்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். கனடாவின் லண்டன் நகரம் 2018-இல் விருப்ப வரிசையில் தேர்தல் நடத்தியது. 2020-இல் ஒன்டாரியோ மாகாண அரசு உள்ளாட்சிகளிடமிருந்து அந்த உரிமையையே பறித்துவிட்டது.

அடுத்தது, ஒரு வார்டுக்கு எத்தனை உறுப்பினர் என்பது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் விளைவை அதிகம் மாற்றுவது இதுதான். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2022-இல் மக்கள் ஏற்ற திட்டப்படி 4 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு 3 பேர். ஒரு வட்டாரத்தில் செல்லுபடியான வாக்கு 1000 என்றால் அதை, இடங்களைவிட ஒன்று கூடுதலாக, 4-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும்: 251 வாங்கினால் ஜெயிக்கலாம். ஒரே இடம் என்றால் 501 தேவை. கால்வாசி ஆதரவுள்ள தரப்புக்கு மன்றத்தில் இடம் உண்டா, இல்லையா என்பதை இந்த வகுத்தல் கணக்கே தீர்மானிக்கிறது.

மருதம்:
கூட்டத்தில் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். இருவருக்கு '1' போட்டவர், 1-க்குப் பிறகு நேராக 3 போட்டவர், ஒருவருக்கே எல்லா இடமும் கொடுத்தவர் என எல்லாத் தவறும் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் விதியை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

அதே சீட்டுகளை எல்லார் முன்னாலும் இரண்டு மூன்று முறைகளில் எண்ணிக் காட்டுங்கள். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் விருப்ப வரிசையில் நடந்த 2009 மேயர் தேர்தலில் முதல் சுற்றில் ரைட் 2951, கிஸ் 2585, மான்ட்ரோல் 2063. மான்ட்ரோல் வெளியேறினார், கடைசிச் சுற்றில் கிஸ் 4313–4061 என ஜெயித்தார். ஆனால் இருவர் இருவராக ஒப்பிட்டால் மான்ட்ரோல் மற்ற இருவரையுமே தோற்கடித்திருப்பார். மறு ஆண்டே மக்கள் வாக்களித்து அந்த முறையை நீக்கினார்கள். இப்படியும் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நெய்தல்:
எண்ணும் இயந்திரம் பழசு என்றால்?

கணக்கன்:
அப்போது ஒப்புதல் முறையையும் பட்டியலில் சேருங்கள். பிடித்த எல்லாருக்கும் டிக் போடலாம், வெறும் கூட்டல்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 2020-இல் இதை ஏற்றது; அதிக டிக் வாங்கிய இருவர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். விருப்ப வரிசை என்றால் எல்லாச் சீட்டின் விவரமும் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். நியூயார்க்கில் 2021-இல் சோதனைக்காக ஏற்றிய சுமார் 1,35,000 சீட்டுகள் நீக்கப்படாமல் முதற்கட்ட முடிவில் கலந்துவிட்டன. சோதனைத் தரவை அழித்ததற்குக் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் எண்ணத் தொடங்கக் கூடாது என்ற விதியையும் சேருங்கள்.

மருதம்:
ஜெயிக்க எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் பொதுவாக்கெடுப்புக்கு வெகு முன்பே அறிவித்துவிடுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் குலுக்கலில் தேர்ந்த 160 பேர் 2004 முழுக்கக் கூடி ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 வாக்கெடுப்பில் 57.7% ஆதரவு கிடைத்தும், வரம்பு 60% என்பதால் அது நிறைவேறவில்லை.