எல்டன் ரிங்: மார்கிட்டை எப்படித் தாண்டினீர்கள்?

வணக்கம் நண்பர்களே. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்ததிலிருந்தே ஆசை, இந்த மாதம்தான் கைக்கு வந்தது. வேறு எந்த கேமையும் இப்போது தொடுவதில்லை. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் டாரென்ட் என்ற குதிரை மேல் ஏறி மழையில் சும்மா சுற்றுவதே அவ்வளவு பிடித்திருக்கிறது, முடிக்க வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியலை நீட்டி யாரும் விரட்டுவதில்லை, தூரத்தில் இடிந்த கோபுரம் தெரிந்தால் நாமே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நான்கு நாளாக மார்கிட் என்ற பாஸிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தடியை ஓங்கிவிட்டு ஒரு கணம் அப்படியே நிறுத்துகிறான். நான் அவசரப்பட்டு உருண்டு எழும்போது சரியாகத் தலையில் இறங்குகிறது. பாதி உயிர் போனதும் பொன்னிறச் சுத்தியல் வேறு. ஓநாய்களையும் அழைத்துப் பார்த்துவிட்டேன், அவை அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை.

நான் எடுத்தது வாகபாண்ட் வகை வீரன், லெவல் 24, விகர் (உயிர் அளவைக் கூட்டும் திறன்) 18, வாள் +3. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்ற ஆள் விற்கும், மார்கிட்டைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும் சங்கிலியை 5,000 ரூன் (கேமுக்குள் உள்ள பணம்) கொடுத்து வாங்கலாமா? அது முதல் பாதியில்தான் வேலை செய்யும் என்பதால் யோசனையாக இருக்கிறது. இல்லை, தெற்கே வீப்பிங் தீபகற்பத்துக்குப் போய் லெவல் ஏற்றிவிட்டு வரட்டுமா? அப்புறம், அந்தத் தாமதமான அடிக்கு அவனுடைய கையைப் பார்க்க வேண்டுமா, காலையா? விளையாடி முடித்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை நானே பார்க்க வேண்டும்.