கேம் ஸோன் வேலைக்குப் போகலாமா?

பத்தமடைப் பிள்ளை:
பி.காம் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. குரூப் 4க்குப் படிச்சிட்டு இருக்கேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஜவுளிக்கடை மேல்மாடி கேம் ஸோன்ல, விளையாடுற கார்டுல காசு ஏத்திக் குடுக்குற கவுண்டருக்கு ஆள் எடுக்காங்க. மதியம் 12ல இருந்து ராத்திரி 9 வரைக்கும், மாசம் 10,000. உம்மா பாய் முடைஞ்சுதான் எங்களைப் படிக்க வச்சாங்க, இப்ப முதுகு முடியல. வாப்பா, "பொம்பளப்பிள்ளைக்கு விளையாட்டுக் கடையில என்ன வேலை"ங்காங்க. வேலை பாத்தவங்க உள்ளதைச் சொல்லுங்க.

பேட்டைக்காரன்:
தங்கச்சி, ஞாயித்துக்கிழமையும் பண்டிகையும் மறந்துரணும். ஊரே லீவுல இருக்கும்போதுதான் அங்க வேலை. என் தம்பி மூணு மாசத்துல நின்னுட்டான். படிக்கணும்னா யோசிச்சுக்க.

ஜங்ஷன் அக்கா:
நான் இதே மாதிரி ஒரு இடத்துல ரெண்டு வருஷம் இருந்தேன். கவுண்டர்னு எடுப்பாவ, ஆனா எல்லா வேலையும் வரும். காலையில மிஷினை ஒண்ணொண்ணாத்தான் போடணும், மொத்தமாப் போட்டா பிரேக்கர் விழுந்துரும். ஏர் ஹாக்கி மேசையில பொடிப் பொடி ஓட்டை வழியா காத்து வந்துதான் வட்டைத் தூக்கும். தூசி அடைச்சுதுன்னா வட்டு நடுவுல நின்னுரும். விளையாடுற பிள்ளை, நாமதான் மிஷினை உடைச்சிட்டோம்னு பயந்து அழும். அதனால தினமும் காய்ஞ்ச துணியால துடைப்பேன். ஒண்ணோட ஒண்ணு மோதி விளையாடுற டேஷிங் கார்ல பெல்ட்டை நம்ம கையால இழுத்துப் பாக்கணும், "போட்டாச்சு"ன்னு பிள்ளை சொல்றதை நம்பக்கூடாது.

கரண்டு போனா மிஷின் முதல்ல இருந்து கிளம்பும், பாதி ஆட்டம் போயிரும். அத்தனை பேரும் கவுண்டருக்குத்தான் வருவாவ. சூப்பர்வைசர் சொல்லாம கார்டுல காசு திரும்பப் போட முடியாது. நான் சின்ன நோட்டுல கார்டு நம்பரும் மிஷின் பேரும் எழுதி வச்சுக்குவேன். அந்த நோட்டு இல்லாட்டி சம்பளத்துல பாதி போயிருக்கும்.

எனக்கு ஆறாத ஒண்ணு, பொம்மை தூக்குற மிஷின். கொக்கி எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும்னு உள்ள செட் பண்ணிக்கலாம், வெளிய நிக்க பிள்ளைக்கு அது தெரியாது. ஒரு பொங்கலுக்கு மானூர்ப் பக்கத்துப் பையன், பத்து வயசு இருக்கும், பொங்கப்படி காசு 200 ரூவாயையும் அதுலயே விட்டான். "போதும்யா, போயி ஐஸ்கிரீம் தின்னு"ன்னேன். அதுக்கு எனக்கு ஏச்சு விழுந்துது. இன்னைக்கும் அதே நிலைமைன்னா அதையேதான் சொல்லுவேன்.

சத்தம் ராத்திரி காதை விட்டுப் போகாது. நான் வண்டி ஏறாம சுலோச்சன முதலியார் பாலத்துல நடந்தே ஜங்ஷன் போவேன், ஆத்துக் காத்துல கொஞ்சம் அடங்கும். காலு அதைவிட மோசம். 2021ல கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலையாளுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு போட்டாச்சு. ஸ்டூல் இருக்கான்னு வெக்கப்படாம கேளு.

இன்னொண்ணு, வெளிய போற வழியைப் பாரு. 2024 மே 25ஆம் தேதி குஜராத் ராஜ்கோட்ல கேம் ஸோன் தீப்பிடிச்சு பிள்ளைகளும் வேலையாள்களுமா செத்தாவளே, வெல்டிங் பொறிதான். மாடியில ரெண்டாவது படி இருக்கணும், அதுல அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தா அந்த வேலை வேண்டாம்.

பேட்டைக்காரன்:
அக்கா சொன்னது சரி. வேலைக்கு எடுத்த ஆர்டரை எழுத்துல வாங்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா இ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் வைத்தியக் காப்பீடு உண்டு, உன் சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிப்பாங்க, 3.25 முதலாளி கட்டணும். உம்மா உன் சம்பளத்தை நம்பி இருந்தா அவங்களுக்கும் அதுல வைத்தியம் பாக்கலாம்.

பத்தமடைப் பிள்ளை:
உம்மாவுக்கும் உண்டுன்னு தெரியாது அண்ணே. அக்கா, 9 மணின்னா 9 மணிக்கே விடுவாங்களா? பஸ்ஸுதான் பயமா இருக்கு.

ஜங்ஷன் அக்கா:
விடமாட்டாவ. கல்லா கணக்கு ஒப்படைக்க அரைமணி ஆகும். 8 மணியோட முடியுற ஷிப்டு கேளு, அதுக்கு சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. வாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அங்க போ. கவுண்டர்ல நிக்க பிள்ளைகிட்ட அவிய ரெண்டு வார்த்தை பேசட்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டும் போயிராத, அப்ப எல்லாம் நல்லாத்தான் தெரியும்.