65 மைலைத் தாண்டினா வண்டி ஆடுது, பாலன்ஸ் 3 தடவை பண்ணியாச்சு. அவசர உதவி!

கேன்டன்காரன்
நண்பர்களே, அவசரம். ஹைவேல 65 தாண்டினா வண்டி கிடுகிடுன்னு ஆடுது. மூணு தடவை வீல் பாலன்ஸ் பண்ணியாச்சு. டயர் கிட்டத்தட்ட புதுசு. சனிக்கிழமை க்ளீவ்லேண்ட்ல மச்சினி வளைகாப்பு, குடும்பத்தோட போகணும். என்னவா இருக்கும்? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

நட்டுபோல்ட்டு
என்ன வண்டி? என்ன வருஷம்? எத்தனை மைல் ஓடியிருக்கு? டயர் சைஸ்? "டாக்டர், வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா வைத்தியம் பார்க்க முடியுமா? கேள்வி கேட்பது எப்படின்னு நான் எழுதின இழை மேலேயே ஒட்டியிருக்கு. யாரும் படிக்கிறதில்லை.

ஸ்கார்பரோ_அண்ணை
தம்பி, ஸ்ரேரிங் ஆடுதோ, சீற் ஆடுதோ? ஸ்ரேரிங் எண்டால் முன் ரயர், சீற் எண்டால் பின் ரயர். முதல் அதைச் சொல்லும்.

ஓசூர்_டிரைவர்
அலைன்மென்ட் போயிருக்கும் சார். ஒரு தடவை பார்த்துடுங்க.

நட்டுபோல்ட்டு
அலைன்மென்ட் போனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். ஆடாது. இதையும் எழுதியிருக்கேன்.

ட்ரக்_மாமா
பிரேக் போடும்போதா, சும்மா போகும்போதா? பிரேக் போட்டா மட்டும்னா ரோட்டர், அதான் பிரேக் தட்டு. சும்மாவே ஆடினா என் ஓட்டு யூ-ஜாயிண்டுக்குத்தான், இன்ஜின் சுழற்சியைப் பின்னாடி கொண்டு போற தண்டுல இருக்கிற மூட்டு. என் பழைய ட்ரக்ல அதேதான்.

நட்டுபோல்ட்டு
மாமா, உங்களுக்கு ஏசி வேலை செய்யலைன்னாலும் யூ-ஜாயிண்ட்தான்.

கேன்டன்காரன்
மன்னிக்கணும், வேலை நேரத்துல அவசரமா போட்டேன். 2015 பிக்கப். செப்டம்பர்ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன். 20 இன்ச் குரோம் வீல், பார்க்கவே கண்ணைப் பறிக்கும், அதுக்காகத்தான் வாங்கினேன்னு கூடச் சொல்லலாம். கம்பெனி பேரு வேண்டாம், இங்க பாதிப் பேர் அங்கதான் வேலை பார்க்கிறீங்க. ஸ்டீரிங்கும் லேசா ஆடுது, சீட் நல்லாவே ஆடுது. பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. என்ன வேடிக்கைன்னா சில நாள் சுத்தமா ஆடுறதில்லை.

நட்டுபோல்ட்டு
இதை முதல் வரியில எழுதியிருக்கணும். ராத்திரி குளிர்ல நிறுத்தினதுல டயர் அடி தட்டையாகியிருக்கும். பத்து நிமிஷம் ஓட்டினா சரியாயிடும். இழையை மூடலாம்.

கேன்டன்காரன்
ஆபீஸ் 40 நிமிஷம். போய்ச் சேர்ற வரைக்கும் ஆடுது.

சும்மா_படிக்கிறவ
எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எந்த நாள்ல ஆடுது, எந்த நாள்ல ஆடலைன்னு இன்னும் யாரும் கேட்கலையே?

கேன்டன்காரன்
யோசிச்சா... திங்கள்கிழமை. சில சமயம் செவ்வாயும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில, பனி உருக ரோட்ல கொட்டுற உப்பு போகட்டும்னு கார் வாஷ் விடுவேன். கராஜ்ல இடமில்லை, வண்டி வெளியிலதான் நிக்கும். போன வாரம் ராத்திரி மைனஸ் 14 செல்சியஸ்.

பழைய_பிளேட்டிங்_ஆள்
இப்பதான் கதை வருது. நான் ஆறு வருஷம் குரோம் பூச்சு லைன்ல வேலை பார்த்தவன்.

ஒரு காரியம் பண்ணுங்க. விரலை மடக்கி ஸ்போக்கை முட்டியால தட்டுங்க. அலுமினியம்னா கல்லுல தட்டின மாதிரி விரல் வலிக்கும். காலி தயிர் டப்பா மாதிரி டொக் டொக்னு கேட்டா அது குரோம் வீல் இல்லை, குரோம் கிளாட். அப்புறம் குனிஞ்சு உள்பக்கமா டார்ச் அடிங்க. ஸ்போக்கோட முதுகு மங்கலா சாதா அலுமினியமா இருக்கும். ஓரத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துல ஒரு தோல் ஒட்டியிருக்கிறது தெரியும்.

பயப்படாதீங்க, பாரத்தைத் தாங்குறது உள்ளே இருக்கிற வார்ப்பு அலுமினியம்தான். அதுக்கு மேல ஏபிஎஸ் ரகப் பிளாஸ்டிக்ல அச்சடிச்ச ஒரு முகம். அந்த முகத்துக்குச் செம்பு, நிக்கல், கடைசியா ஒரு மைக்ரான்கூட வராத குரோம். முகத்தை வீல் மேல பசை வச்சு ஒட்டிடுவாங்க. வீல் கப் மாதிரி கழட்டி மாட்ட முடியாது. சூட்டுல இந்தப் பிளாஸ்டிக் அலுமினியத்தை விடச் சுமார் மூணு மடங்கு விரியும், குளிர்ல அதே கணக்குல சுருங்கும். பத்து வருஷம் இப்படி இழுத்துப் பிடிச்சா ஓரத்துல பசை விட்டுடும். கார் வாஷ் தண்ணி அந்த இடுக்குல பூந்து உறைஞ்சுடும்.

கணக்கு போடுங்க. 50 கிராம் ஐஸ் விளிம்புல ஒரே இடத்துல உட்கார்ந்தா, 65 மைல்ல, சக்கரம் நொடிக்கு 11, 12 சுத்து சுத்தும்போது, கிட்டத்தட்ட 6 கிலோ இழுப்பு. சுத்துக்கு ஒரு தடவை. ஆடாம என்ன செய்யும்? நீங்க பாலன்ஸ் பண்ணப் போறது சூடான கடையில. வரிசையில நிக்கிற நேரத்துல ஐஸ் உருகி ஒழுகிடும், மெஷின் சைபர் காட்டும்.

ட்ரக்_மாமா
தட்டிப் பார்க்க எதுக்கு, காந்தம் வச்சாப் போதுமே. ஒட்டினா நிஜக் குரோம்.

பழைய_பிளேட்டிங்_ஆள்
மாமா, ஏமாந்துடுவீங்க. அலுமினியத்துலயும் ஒட்டாது, பிளாஸ்டிக்லயும் ஒட்டாது. லேசா இழுத்தா அது குரோமுக்கு அடியில இருக்கிற நிக்கல். அந்த நிக்கல் ரெண்டு வகையிலயும் உண்டு.

ஓசூர்_டிரைவர்
அப்போ இது கவரிங் நகை மாதிரின்னு சொல்லுங்க! வீலுக்குக் கவரிங்! காசு வாங்கிட்டு இப்படி ஏமாத்துறாங்களே.

பழைய_பிளேட்டிங்_ஆள்
ஏமாத்து இல்லை. விலைப் பட்டியல்ல "குரோம் கிளாட்"னுதான் எழுதுவாங்க. ஒரே அலுமினிய வீலை வச்சு நாலு வித முகம் போடலாம், செலவு மிச்சம். எடையிலும் லாபம், அழகுக்காக உலோகத்தை மொத்தமா வார்க்க வேண்டாம். புதுசுல அருமையா இருக்கும்.

ஓசூர்_டிரைவர்
கிளாட்னா என்னன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கவரிங்குக்குக் கவரிங்னு தமிழ்ல பேரு இருக்கு, கடை வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான்.

சிதம்பரத்துப்_பேத்தி
ஒரு நிமிஷம். கவரிங்கைக் கேவலமா பேசாதீங்க. அது செம்புக்கு மேல தங்கம், உலோகத்து மேல உலோகம். எங்க பாட்டி வளையல் தேஞ்சப்போ திரும்ப முலாம் போட்டுக்கிட்டாங்க. உங்க வீலுக்கு அது முடியுமா?

பழைய_பிளேட்டிங்_ஆள்
முடியாது. அங்கதான் நீங்க ஜெயிச்சீங்க. அலுமினிய வீல் கீறினா தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சுச் சரி பண்ணலாம். இது விரிசல் விட்டா விட்டதுதான். நடைபாதைக் கல்லுல ஒரு உரசல் போதும், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும்.

நட்டுபோல்ட்டு
நகைக்கடை விவாதத்துக்குத் தனி இழை தொடங்கவும்.

சிதம்பரத்துப்_பேத்தி
தட்டையான டயருக்கும் தனி இழை தொடங்கலாமே.

ஸ்கார்பரோ_அண்ணை
எனக்கும் உந்தப் பிரச்சினை வந்தது. நான் கண்டதைச் சொல்லுறன். ரயர் கடைப் பெடியன் பாலன்ஸ் பண்ணுற ஈய வெயிற்றைச் சுத்தியலாலை வெளி விளிம்பிலை அடிச்சான், "டக்" எண்டு தோல் வெடிச்சுப் போச்சு. உதுக்கு உள்பக்கம் ஒட்டுற வெயிற்றுத்தான் போடவேணும். மெசினிலை பிடிக்கேக்கையும் வெளியாலை கவ்வக் கூடாது. வெடிப்புக்குள்ளை உப்புத் தண்ணி போய் அலுமினியம் வெள்ளையாய்ப் பூத்து, பிறகு விளிம்பாலை காத்து இறங்கத் தொடங்கிட்டுது. கிழமைக்கு ரெண்டு தரம் காத்தடிச்சன்.

ட்ரக்_மாமா
உப்புக்கு எங்க போறது, டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் ஓடுது. ஊர் முழுக்கக் கொட்டுறாங்க. ஹீட் கன் வச்சு அந்தத் தோலை உரிச்சு எறிஞ்சுடுங்க தம்பி, முடிஞ்சது.

பழைய_பிளேட்டிங்_ஆள்
உரிக்கலாம். உள்ளே இருக்கிற வீல் கண்ணுக்குத் தெரியணும்னு வார்த்ததே இல்லை, பசைத் திட்டும் பள்ளமுமா இருக்கும். நடுக் கேப் நிக்காமப் போகலாம். புது ட்ரக் வாங்கினவங்க கழட்டி விக்கிற சாதா பெயிண்ட் வீல் நாலு தேடுங்க. இல்லைன்னா குளிர்காலத்துக்கு இரும்பு வீல். டயர் காத்து அளவு காட்டுற சென்சாரைப் புது வீலுக்கு மாத்தச் சொல்ல மறக்காதீங்க. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை கார் வாஷை நிறுத்துங்க, இல்லைன்னா கழுவினதும் வெயில் உள்ள மத்தியானத்துல கொஞ்சம் ஓட்டி, பிரேக் சூட்டுல காய விடுங்க.

ட்ரக்_மாமா
யூ-ஜாயிண்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

சும்மா_படிக்கிறவ
கேன்டன்காரரே, தட்டிப் பார்த்தீங்களா?

*(மூணு நாள் கழிச்சு)*

கேன்டன்காரன்
தட்டினேன். நாலும் டொக். டிரைவர் பக்கப் பின் வீல்ல ஓரம் வாயைப் பிளந்திருக்கு, பொண்டாட்டியோட ஹேர் ட்ரையரைப் பத்து நிமிஷம் பிடிச்சேன், கால் டம்ளர் உப்புத் தண்ணி கொட்டுச்சு. க்ளீவ்லேண்டுக்கு மச்சான் வண்டியில போறோம். எல்லாருக்கும் நன்றி.

நட்டுபோல்ட்டு
டயர் தட்டையும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

ஓசூர்_டிரைவர்
சார், அந்தப் பழைய வீல் நாலையும் என்ன பண்ணப் போறீங்க? போட்டோ இருந்தா போடுங்க. பார்க்க நல்லா இருக்கும்னு சொன்னீங்களே.