குட்டி பனியுகம் வந்ததுக்கு காரணம் சூரியனா, எரிமலையா?

செங்கதிர்:
போன திரியில இந்தப் பேச்சு வந்து பாதியிலயே வேற எங்கயோ போயிடுச்சு, அதான் தனியா திரி தொடங்குறேன். புதுசா படிக்கிறவங்களுக்கு சுருக்கமா: குட்டி பனியுகம்னு சொல்றது சுமாரா 1300ல இருந்து 1850 வரைக்கும் ஐரோப்பா, வட அட்லாண்டிக் பக்கமெல்லாம் வழக்கத்தைவிட அதிகமா குளிர்ந்து கிடந்த காலம். லண்டன்ல தேம்ஸ் ஆறு உறைஞ்சு அது மேல கடை போட்டு சந்தையே நடத்தியிருக்காங்க. 1658ல சுவீடன் ராஜா பத்தாம் கார்ல் உறைஞ்ச கடல் மேலயே குதிரைப்படையை நடத்திக் கூட்டிட்டுப் போய் டென்மார்க்கை மடக்கிட்டாரு. ஆல்ப்ஸ்ல சாமொனி பக்கம் பனியாறு கீழ இறங்கி வந்து வயலையும் வீட்டையும் முழுங்கிடுச்சு.

என் கட்சி சூரியன்தான். 1645ல இருந்து 1715 வரைக்கும் 70 வருஷம் சூரியன்ல புள்ளிகளே அபூர்வமாதான் தெரிஞ்சிருக்கு, இதைத்தான் மவுண்டர் மினிமம்னு சொல்றோம். புள்ளி குறைஞ்சா சூரியன் கொஞ்சம் மங்கியிருக்குனு அர்த்தம். அப்போ யாரும் சரியா பார்க்கலைனு சொல்ல முடியாது, டெலஸ்கோப் வச்சு புள்ளி பார்க்கிறது 1610 வாக்குலயே ஆரம்பிச்சாச்சு, காசினி, ஹெவேலியஸ் மாதிரி வானியலாளருங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு பார்த்துட்டு இருந்தாங்க. 1976ல ஜாக் எடிங்கிற வானியலாளர் இதை தூசு தட்டி எடுத்தப்போ, மரவளையத்துல இருக்கிற கார்பன்-14 அளவும் (சூரியன் மங்கினா இது கூடும்) அதையேதான் சொல்லுச்சு. நடு இங்கிலாந்துல 1659ல இருந்து வெப்பநிலைப் பதிவு இருக்கு, அதுல ஆகக் குளிரான குளிர்காலம் 1683-84, சராசரியே மைனஸ் 1.2 டிகிரி. மினிமத்துக்கு நட்டநடுவுல விழுது.

கந்தகம்:
செங்கதிர், காலக்கணக்கு இடிக்குதே. குளிர் 1300 வாக்குல தொடங்கிடுச்சுனு நீங்களே சொல்றீங்க, மவுண்டர் மினிமம் வர்றது 1645ல. 345 வருஷம் கழிச்சு வர்றது முன்னாடி நடந்ததுக்கு எப்படி காரணமாகும்?

அடுத்தது அளவு. சூரியன்ல இருந்து நமக்கு வர்ற சக்தி சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட். புள்ளிங்க கூடிக் குறையற 11 வருஷ சுழற்சியில அது மாறுறது 0.1 சதவீதம். மவுண்டர் மினிமத்துல குறைஞ்சதும் ஏறக்குறைய அந்த அளவுதான்னு இப்போ பெரும்பாலான கணக்குகள் சொல்லுது. அவ்வளவு சின்ன தள்ளலுக்கு இவ்வளவு பெரிய விளைவா?

இந்தோனேசியாவுல லோம்போக் தீவுல 1257ல சமலாஸ் எரிமலை வெடிச்சதைப் பாருங்க. கிரீன்லாந்துலயும் அண்டார்டிகாவுலயும் தோண்டி எடுத்த பனிக்கட்டி ரெண்டுலயும் அந்த வருஷத்துல கந்தகம் எகிறி நிக்குது, ஆனா எந்த எரிமலைனு தெரியாம ரொம்ப நாள் தேடிட்டு இருந்தாங்க, 2013லதான் சமலாஸ்னு பிடிச்சாங்க. அதுக்கு உதவினது அந்தத் தீவோட ஓலைச்சுவடிகள்! மலை சரிஞ்சதும் பமாத்தான்ங்கிற ஊர் அழிஞ்சதும் அதுல எழுதியிருக்கு. அதுக்கப்புறம் 30 வருஷத்துக்குள்ள இன்னும் சில பெரிய வெடிப்பு. தொடக்கம் அங்கதான்.

செங்கதிர்:
கந்தகம், மவுண்டர் மட்டும்தான் மினிமமா? அதுக்கு முன்னாடி 1280ல இருந்து 1340 வாக்குல வூல்ஃப் மினிமம், 1460ல இருந்து 1550 வாக்குல ஸ்பூரர் மினிமம், பின்னாடி 1790ல இருந்து 1830 வரைக்கும் டால்டன் மினிமம். சூரியன் மங்கின காலமும் குளிர் காலமும் சேர்ந்து சேர்ந்து வருது, இதை தற்செயல்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

நீங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. எரிமலை விடுற, வெயிலை மறைச்சு குளிர வைக்கிற கந்தகத்துளிங்க மேல ஸ்ட்ராடோஸ்பியர்ல, அதாவது மேகங்களுக்கு மேல இருக்கிற காத்தடுக்குல நிக்கிறது ஒரு வருஷமோ மூணு வருஷமோ, அப்புறம் கீழ இறங்கிடும். 1815ல டம்போரா வெடிச்சுது, 1816ல ஐரோப்பாவுக்கும் வடகிழக்கு அமெரிக்காவுக்கும் கோடையே வரல, ஜூன் மாசம் நியூ இங்கிலாந்துல பனி கொட்டுச்சு, எல்லாம் சரி. ஆனா சில வருஷத்துல பழைய நிலைக்கு வந்துடுச்சே. 1257ல வெடிச்சது 1600 வரைக்கும் எப்படி குளிரடிக்கும்?

பனிமலர்:
இந்தக் கேள்விக்குத்தான் பாஃபின் தீவு பாசி பதில் சொல்லுது. ரெண்டு பேரும் இதை விட்டுட்டீங்க.

கனடாவுக்கு வடக்கே பாஃபின் தீவுல மேட்டுநிலத்து மேல மெல்லிசான பனித்தொப்பிங்க இருக்கு. அதுங்க நகராது, நின்ன இடத்துலயே உறைஞ்சு கிடக்கும், அதனால அடியில மாட்டின செடியை அரைச்சு அழிக்காம அப்படியே வச்சிருக்கும். இப்போ ஓரம் உருக உருக பல நூறு வருஷத்துக்கு முன்னாடி மூடின பாசி முளைச்ச இடத்துலயே, நின்னபடியே வெளிய வருது. கிஃபோர்ட் மில்லர்ங்கிற ஆய்வாளரோட குழு அதைப் பொறுக்கி எடுத்து ரேடியோகார்பன் தேதி பார்த்தாங்க, 2012ல வெளியிட்டாங்க. அந்த தேதிதான் செடி செத்த தேதி, அதாவது கோடையிலகூட பனி உருகாம போன வருஷம். கொஞ்சம் கொஞ்சமா குளிர்ந்திருந்தா தேதிங்க பரவலா சிதறிக் கிடக்கணும். அப்படி இல்ல. 1275க்கும் 1300க்கும் நடுவுல ஒரு கும்பல், 1430க்கும் 1455க்கும் நடுவுல இன்னொரு கும்பல். சட்டுனு மூடியிருக்கு, திரும்ப திறக்கவே இல்ல.

ஏன் திறக்கலைங்கிறதுக்கு அவங்க சொல்றது கடல்பனி. வெடிப்புங்க அடுத்தடுத்து வந்ததால ஆர்க்டிக் கடல்பனி பெருகுது, மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிச்ச மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புது, மிச்சப் பனி கிரீன்லாந்து கிழக்குக் கரையோட தெற்கே இறங்கி வட அட்லாண்டிக்ல போய் உருகுது, அந்த நல்ல தண்ணி மேல படர்ந்து நிக்கறதால வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கே வர்றது குறையுது, அதனால பனி இன்னும் பெருகுது. துளிங்க இறங்கின பிறகும் கடல் விடல. கம்ப்யூட்டர் மாடல்ல சூரியனை மாத்தாம அப்படியே வச்சு ஓட்டினாங்க, அப்பவும் குளிர் நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு.

செங்கதிர்:
பனிமலர், பாசித் தேதிகளை நான் முழுசா ஏத்துக்கிறேன், அருமையான ஆதாரம். ஆனா தேதி சொல்றது "எப்போ"ங்கிறதை மட்டும்தான். மாடல் விஷயத்துல, ஆரம்பத்துல கடல் எந்த நிலையில இருக்குனு வைக்கிறதைப் பொறுத்து முடிவே மாறுது, சில ஓட்டத்துல குளிர் நிக்குது, சிலதுல நிக்கல. அதை வச்சு சூரியனை வெளிய தள்ள முடியாது.

அப்புறம் கந்தகம் சொன்ன 0.1 சதவீதம் மொத்த சக்தி. புற ஊதாக்கதிர் அதைவிட பல மடங்கு ஏறி இறங்கும். அது மேல இருக்கிற ஓசோனை பாதிக்கும், அதனால மேல்காத்தோட போக்கு மாறும், அட்லாண்டிக்ல இருந்து ஐரோப்பாவுக்கு இதமான காத்தைக் கொண்டுவர்ற மேலைக்காத்து தளர்ந்து, கிழக்கே இருந்து குளிர்காத்து உள்ள வரும். உலக சராசரி கொஞ்சமா குறைஞ்சாலே போதும், ஐரோப்பாவோட குளிர்காலம் கடுமையாகிடும்.

கந்தகம்:
அப்படினா அதே நடு இங்கிலாந்து பதிவுல 1685-86ஐ பாருங்க. ஆகக் குளிரான குளிர்காலத்துக்கு ரெண்டே வருஷம் கழிச்சு அந்தப் பதிவுலயே ரொம்ப இதமான குளிர்காலங்கள்ல ஒண்ணு வருது. சூரியன்ல அப்பவும் புள்ளி இல்ல. 1715ல புள்ளி திரும்ப வந்தாச்சு, ஆனா 1739-40 குளிர்காலம் மைனஸ் 0.4, அயர்லாந்துல உருளைக்கிழங்கு குழியிலயே உறைஞ்சு அழுகி பஞ்சம் வந்து லட்சக்கணக்குல செத்தாங்க.

எரிமலை பக்கம் பாருங்க. 1600 பிப்ரவரியில பெருவுல உவாய்னாபுட்டினா வெடிக்குது, 1601ல ரஷ்யாவுல கோடையில உறைபனி, பயிர் போச்சு, 1603 வரைக்கும் பஞ்சம். இவ்வளவு பக்கத்துல பக்கத்துல சூரியன் கணக்கு எங்கயும் வராது.

ஊர்சுற்றி:
தேம்ஸ் சந்தையை தயவுசெஞ்சு சாட்சிக்கூண்டுல ஏத்தாதீங்க. பழைய லண்டன் பாலத்துக்கு குறுகலான கண்ணுங்க, தூணுங்க தடுப்பணை மாதிரி தண்ணியை நிறுத்தி வச்சுச்சு, ஓட்டம் குறைஞ்சதால உறைஞ்சுச்சு. 1831ல புதுப் பாலம் திறந்து பழசை இடிச்சாங்க, அப்புறம் கரையையும் நெருக்கிக் கட்டினதும் ஓட்டம் வேகமாயிடுச்சு. 1962-63 குளிர்காலம் மைனஸ் 0.3, கந்தகம் சொன்ன 1739-40க்கு கிட்டத்தட்ட சமம். லண்டனுக்குள்ள தேம்ஸ் உறையல.

எனக்கு இதைவிட முக்கியமா படுறது வேற. நாம எல்லாரும் ஐரோப்பாவை மட்டுமே பார்த்துட்டு பேசுறோம். 2019ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல உலகம் முழுக்க மரவளையம், பவளப்பாறை, ஏரி வண்டல்னு நூத்துக்கணக்கான பதிவுகளை சேர்த்துப் பார்த்தாங்க. மத்திய, கிழக்கு பசிபிக்ல ஆகக் குளிரானது 15ம் நூற்றாண்டு, வடமேற்கு ஐரோப்பாவுலயும் அமெரிக்காவோட தென்கிழக்குலயும் 17ம் நூற்றாண்டு, மத்த பெரும்பாலான இடத்துல 19ம் நூற்றாண்டு. உலகம் முழுக்க ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போன குளிர்னு ஒண்ணு இல்ல. அப்போ ஒத்தைக் காரணம் எப்படி இருக்கும்?

செங்கதிர்:
இதே கத்தி எரிமலையையும் வெட்டுமே ஊர்சுற்றி. டம்போரா புகையும் உலகம் முழுக்கத்தான் பரவுச்சு.

ஊர்சுற்றி:
ஆமா, அதனாலதான் பனிமலர் சொன்ன கடல் கதை எனக்கு ஒத்துப்போகுது. தள்ளிவிட்டது எதுவா இருந்தாலும் ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு காலம் நிக்கணும்னு முடிவு பண்ணது அந்தந்தக் கடலும் காத்தும்.

வேர்கடலை:
யாருமே அமெரிக்காவைத் தொடல. 1492க்கு அப்புறம் அம்மை, தட்டம்மை, அடிமைத்தனம், போர்னு பழங்குடி மக்கள்ல 90 சதவீதம் பேர் ஒரு நூற்றாண்டுல அழிஞ்சாங்கனு ஒரு மதிப்பீடு, கிட்டத்தட்ட 5.5 கோடி பேர். அவங்க உழுத நிலமெல்லாம் காடாச்சு. காடு கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துச்சு. அண்டார்டிகா பனிக்கட்டியில 1610 வாக்குல அது 7ல இருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) குறைஞ்சது தெரியுது. இவ்வளவு பெரிய கொடுமையோட தடம் வானத்துல பதிஞ்சிருக்கு, அதை அடிக்குறிப்பா ஒதுக்கறது எனக்கு வருத்தமா இருக்கு.

கந்தகம்:
அந்த அழிவை யாரும் சின்னதாக்கல. ஆனா 10 பிபிஎம் குறைஞ்சா இறங்கறது 0.1, 0.2 டிகிரிதான். அதுவும் 1600 வாக்குல. தொடங்கி வச்சது அது இல்ல. குளிர்ந்த மண்ணுல மக்கறது மெதுவாகி கார்பன் தானாவே தங்கும், அதனால அந்த குறைவுல எவ்வளவு காடு, எவ்வளவு குளிருங்கிற சண்டையும் இருக்கு.

பனிமலர்:
உலக சராசரியில மொத்த சரிவே அரை டிகிரி சுமார்தான் கந்தகம், அதுல 0.1ங்கிறது சின்னது இல்ல. தொடக்கத்துக்கு இல்லைனாலும் 17ம் நூற்றாண்டு குளிரை ஆழமாக்கினதுல அதுக்கு பங்கு இருக்கும்.

நடுநிலை_வாசகன்:
எல்லாத்தையும் படிச்சேன். அப்போ சூரியனும் எரிமலையும் முன்னாடியே இவ்வளவு ஆட்டி வச்சிருக்கு, இப்போ சூடாகறதும் இயற்கைதான், சும்மா பயமுறுத்தறாங்கனுதானே அர்த்தம்?

செங்கதிர்:
இல்லைங்க. சூரியன் கட்சிக்காரன் நானே சொல்றேன், என் வாதத்தை அதுக்கு எடுத்துக்காதீங்க. 1978ல இருந்து செயற்கைக்கோள் சூரியனை நேரடியா அளக்குது, இந்த 40 வருஷத்துக்கு மேல சூரியன் ஏறல, கொஞ்சம் இறங்கியிருக்குனுகூட சொல்லலாம். பூமி மட்டும் சூடாகிட்டே போகுது. சூரியன் காரணமா இருந்தா மேல ஸ்ட்ராடோஸ்பியரும் சூடாகணும், அது குளிர்ந்துட்டு இருக்கு. அன்னைக்கு அரை டிகிரிக்கே பஞ்சம், சாவு. இப்போ ஒரு டிகிரிக்கு மேல, எதிர்ப்பக்கமா போயிட்டோம்.

கந்தகம், நமக்குள்ள மிச்சம் இருக்கறது 1450கள். பாசியோட ரெண்டாவது கும்பல் அங்கதான் முடியுது, ஸ்பூரர் மினிமமும் அதை ஒட்டித்தான் வருது.

கந்தகம்:
பெரிய வெடிப்பும் அதே 1450கள்லதான், 1458ல பனிக்கட்டியில பெரிய கந்தகத் தடம் இருக்கு, எந்த எரிமலைனு இன்னும் சண்டை. ஆனா அது பாசிக்கு அப்புறம்னு நீங்க கேட்பீங்க, கேட்கணும். அதுக்கு முன்னாடி 1453 வாக்குலயும் ஒரு தடம் இருக்கு. 1430ல செத்த பாசிக்கு ரெண்டுமே ஒத்துவராதுதான், ஆனா 1460ல தொடங்கற ஸ்பூரர் அதைவிட ஒத்துவராது. ரெண்டு பக்கத்துத் தேதிகளையும் வரிசையா வச்சு அடுத்த பதிவுல போடுறேன், மரவளையத்தையும் சேர்த்து.