24 நாள் ஆகியும் இரண்டு குஞ்சுகள் மட்டும் வளரவில்லை, என்ன செய்வது?

முற்றத்துக்கோழி:
வணக்கம். எங்கள் பெட்டைக்கோழி அடையிருந்து பொரித்த 9 குஞ்சுகளுக்கு இன்றோடு 24 நாள். ஏழு குஞ்சுகள் சிறகு முளைத்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரிகின்றன. மீதி இரண்டும் இன்னும் என் உள்ளங்கையில் அடங்கிவிடுகின்றன. கறுப்புக் குஞ்சு உருவத்தில்தான் சிறியது, ஓட்டத்தில் குறையில்லை. பழுப்புக் குஞ்சை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. உடம்பெல்லாம் இன்னும் பஞ்சுமயிர், இறக்கை இரண்டும் தொங்கித் தரையை உரசுகின்றன. நல்ல வெயிலிலும் தாயின் வயிற்றுக்கடியில் போய் நின்றுகொள்கிறது. தூக்கிப் பார்த்தால் மார்பெலும்பு கத்தி விளிம்பு போல விரலில் தட்டுப்படுகிறது. தாய்க்கோழிக்கு வைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுகளும் தின்கின்றன. தண்ணீர் அகலமான தட்டில் வைக்கிறேன். இரண்டையும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

சாம்பல்பெட்டை:
முதலில் தீவனத்தை மாற்றுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்குத் தேவை ஏறத்தாழ 1 சதவீதம்தான். மிகுதியாகச் சேர்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும். புரதமும் வளரும் குஞ்சுக்குப் போதாது. அதற்கு 20 சதவீதம் அளவில் வேண்டும். தாய், குஞ்சு எல்லோருக்கும் குஞ்சுத் தீவனமே வையுங்கள். தாய் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்போது கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

ஆனால் ஒரே தீவனத்தைத் தின்று ஏழு குஞ்சுகள் வளர்ந்திருக்கின்றனவே, அதனால் தீவனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மூன்று நாள் தொடர்ந்து, காலையில் தீனி வைப்பதற்கு முன், சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். இரவு கூட்டில் அடைந்த பிறகு தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தடியில், மார்பின் வலப்பக்கம் இருக்கும். வயிறார மேய்ந்த குஞ்சுக்கு அது உருண்டையாகப் புடைத்திருக்கும். இன்னொன்று, அடை வைத்த முட்டைகள் எல்லாம் ஒரே கோழி இட்டவையா?

கூடைக்காரர்:
ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றிரண்டு சவலையாகத்தான் இருக்கும். பிழைப்பது பிழைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் விடுவேன்.

சாம்பல்பெட்டை:
ஐயா, பிறவியிலேயே குறை உள்ள குஞ்சு பெரும்பாலும் முதல் வாரத்திலேயே போய்விடும். இது 24 நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. காரணம் தெரியாமல் கைவிட எனக்கு மனம் வரவில்லை. தொற்றாக இருந்தால் மற்ற குஞ்சுகளுக்கும் ஆபத்து.

முற்றத்துக்கோழி:
மூன்று நாள் எடை போட்டுவிட்டேன் அக்கா. பெரிய குஞ்சு ஒன்று 158, 165, 173 கிராம். கறுப்பு 84, 88, 92. பழுப்பு 70, 71, 69. இரவில் கறுப்பின் தீனிப்பை கோலிக்குண்டு போல இருந்தது. பழுப்புக்கு வெறும் தோல்தான் கையில் சுருண்டது. முட்டைகளில் ஒன்று எங்கள் குள்ள இனக் கோழி இட்டது. அது நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாம்பல்பெட்டை:
அப்படியானால் கறுப்பு அந்த முட்டையில் வந்ததாகத்தான் இருக்கும். பொரிக்கும்போது குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சிறிய முட்டை, சிறிய குஞ்சு. நாள்தோறும் எடை கூடுகிறது, தீனிப்பை நிறைகிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை, அதன் போக்கில் விடுங்கள். பழுப்புதான் நோயாளி.

விடலைச்சேவல்:
பழுப்பின் எச்சத்தைப் பார்த்தீர்களா? மூன்றாவது வாரத்துக்கு மேல் சிறகு தொங்கிக் குன்றி நிற்கும் குஞ்சைக் கண்டால் எனக்கு முதலில் ரத்தக் கழிச்சல்தான் நினைவுக்கு வரும். ரத்தம் கட்டாயம் தெரிய வேண்டும் என்பதில்லை; சளியும் தண்ணீருமாகப் போனாலும் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். அகலத் தட்டில் குஞ்சுகள் காலை விட்டுக் கலக்கினால் சுற்றிலும் ஈரம்தான். பேனும் பாருங்கள், இறக்கைக்கடியிலும் ஆசனவாயைச் சுற்றியும்.

முற்றத்துக்கோழி:
பேன் இல்லை. பழுப்பைத் தனியாக ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் விட்டுப் பார்த்தேன். எச்சம் தண்ணீராக, ஓரத்தில் செங்கல் நிறத்தில் சளியோடு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். நுண்ணோக்கியில் பார்த்து ரத்தக் கழிச்சல்தான் என்று உறுதிசெய்தார். ஆம்ப்ரோலியம் கொடுத்தார். 5 நாள் எல்லாக் குஞ்சுகளுக்கும் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். தெம்புக்கு வைட்டமின் சொட்டும் சேர்த்துக் கொடுக்கலாமா?

விடலைச்சேவல்:
மருந்து முடியும்வரை வேண்டாம். பி1 வைட்டமின் அந்தக் கிருமிக்குக் கிடைக்காமல் தடுப்பதுதான் ஆம்ப்ரோலியத்தின் வேலை. பி1 உள்ள சொட்டை அதே நேரத்தில் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குஞ்சுகளுக்கு எட்டக்கூடாது. தட்டை எடுத்துவிட்டு, குறுகிய வாயுள்ள பாத்திரத்தைச் செங்கல் மேல் வையுங்கள். நனைந்த மரத்தூளை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

சாம்பல்பெட்டை:
பழுப்பை ஒதுக்கி வைத்து, துணைக்குக் கறுப்பையும் விடுங்கள். தனியாக விட்டால் கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும். நான்காவது வாரக் குஞ்சுக்கு 26 டிகிரி செல்சியஸ் போதும் என்றாலும், சிறகில்லாத இதற்கு 30 டிகிரி தேவைப்படும். பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பொருத்துங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக இடம் வேண்டும். பெட்டி தாயின் கண்ணில் படும்படி, கம்பிவலைக்கு இப்பால் இருக்கட்டும். பார்வையிலிருந்து மறைந்த குஞ்சைத் தாய் சில நாளில் அந்நியமாக நினைத்துக் கொத்திவிடும்.

முற்றத்துக்கோழி:
இன்று பன்னிரண்டாம் நாள். பழுப்பு 118 கிராம்! தோளில் சிறகுக் குருத்து விட்டிருக்கிறது. மற்ற குஞ்சுகள் எதற்கும் கழிச்சல் இல்லை. நேற்று இருட்டிய பிறகு, நீங்கள் சொன்ன பயத்தோடே, இரண்டையும் தாயின் இறக்கைக்கடியில் மெல்லத் தள்ளிவிட்டேன். தாய் ஒருமுறை கொக்கரித்துவிட்டு உடம்பைப் பரப்பி உட்கார்ந்துகொண்டது. காலையில் கூட்டைத் திறந்தேன். முதலில் வெளியே ஓடி வந்தது கறுப்பு. பழுப்பு அதன் பின்னாலேயே வந்து, பெரிய குஞ்சு ஒன்றின் காலுக்கிடையில் தலையை நுழைத்துத் தீனியைக் கொத்தியது.