பொருள்: பெடல் குறிப்பேடு – டிலே, லேட்டன்சி இரண்டுக்கும் ‘தாமதம்’ சரிப்படுமா?

கும்பகோணத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடலை, அதாவது கிட்டார் ஒலியை மாற்றித் தரும் கால்பெட்டியை, வீட்டிலேயே கட்டுவதற்கான நம் குறிப்பேட்டில், ‘எந்த நுண்கட்டுப்படுத்தியை (மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை) வாங்குவது’ என்ற பகுதியை மெய்ப்புப் பார்க்கிறேன். அதில் ஒரு வரி: “தாமதத்துக்கு நினைவகம் நிறைய வேண்டும், தாமதம் குறையத் தொகுதி சிறியதாக இருக்க வேண்டும்.” போர்டு வாங்கக் கடையில் நிற்கிற பையனுக்கு இது என்ன புரியும்? முதல் தாமதம், வாசித்த சுரம் சற்றுப் பின்னால் மறுபடி ஒலிக்கும் டிலே எஃபெக்ட். அதற்காகத்தான் பெடலே கட்டுகிறோம். இரண்டாவது லேட்டன்சி; கம்பியைத் தட்டியதற்கும் ஒலி வெளியே வருவதற்கும் நடுவில் யாரும் வேண்டாமலே விழுகிற இடைவெளி.

சிப் தேர்வில் இவை இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறோம்; ஓர் அளவீடு ஒரு மாதிரி (சாம்பிள்). நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நொடிக்கு 96,000 பைட். அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ரேம் 2 கிலோபைட்தான். அதை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தாலும் 21 மில்லி நொடிக்கு மேல் டிலே கிடைக்காது. ராஸ்பெரி பை பிக்கோ போர்டின் ஆர்பி2040 சிப்பில் 264 கிலோபைட். இரண்டு நொடிக்குத் தாராளம். டெய்சி சீட் பலகையில் 64 மெகாபைட் தனி நினைவகம் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் வரும். அவ்வளவை வைத்துக்கொண்டு யார் என்ன வாசிக்கப் போகிறார்களோ!

லேட்டன்சிக்கு ரேம் கணக்கு உதவாது. மாதிரிகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துத்தான் சிப் வேலை செய்கிறது. 48 மாதிரித் தொகுதி நிரம்ப 1 மில்லி நொடி, 256 என்றால் 5.3. உள்ளே ஒரு தொகுதி, வெளியே ஒரு தொகுதி என்று வைத்தால் பத்தைத் தாண்டிவிடும். சிறிய தொகுதியை அடுத்தது வருவதற்குள் முடித்துக் கொடுக்கத்தான் வேகமான சிப் வேண்டியிருக்கிறது.

என் முன்மொழிவு: டிலே – பின்னொலி. லேட்டன்சி – சுணக்கம்.

மயிலாடுதுறையிலிருந்து:

ஐயா, பின்னொலிக்கு என் ஓட்டு. ‘எதிரொலி’யை எக்கோவுக்கு விட்டுவைக்கலாம்.

சுணக்கம்தான் உறுத்துகிறது. ‘நெல் கொள்முதலில் சுணக்கம்’ என்று செய்தித்தாளில் படித்தே பழகியவர்கள் நாம். அந்தச் சொல்லில் யாரோ வேலை செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டீன்சி 4.0 போர்டிலும் லேட்டன்சி உண்டே. அது சுணங்கியா நிற்கிறது? கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாள் பிடிக்கிறது, மதகில் யாரும் தூங்கவில்லை. கடந்து வர ஆகும் நேரம், அவ்வளவுதான். ‘கடப்பு நேரம்’ என்று வைத்தால் என்ன? ‘கடப்பு நேரம் 3 மில்லி நொடி’ என்று அட்டவணையிலும் ஒழுங்காக உட்காரும்.

திருவையாற்றிலிருந்து:

அண்ணே, அக்கா, வணக்கம். நான் சொல் ஆராய்ச்சிக்காரன் இல்லை, கச்சேரிக்கு கிட்டார் வாசிக்கிறவன். மேடையில யாரும் ‘கடப்பு நேரம் கூடிப்போச்சு’ன்னு சொல்ல மாட்டாங்க. ‘இழுக்குது’ம்பாங்க.

குறிப்பேட்டுல இந்தச் சோதனையைச் சேர்த்துக்குங்க. நேரடி ஒலியை முழுசா அடைச்சிட்டு எஃபெக்ட் ஒலி மட்டும் வர்ற மாதிரி வைங்க, பின்னொலி பூஜ்யத்துல இருக்கட்டும். ஒரு காதுல மட்டும் ஹெட்போன். இடது கையால கம்பிகளைச் சத்தம் வராம அமுக்கிட்டு பிக்கால ஒரு தட்டு தட்டுங்க. திறந்த காதுல கம்பியோட ‘டக்’, ஹெட்போன்ல பெடலோட ‘டக்’. ரெண்டும் பிரிஞ்சு கேட்டா தொகுதியைக் குறைங்க. ஸ்பீக்கரை வெச்சு இதைச் செய்யாதீங்க, மூணரை மீட்டர் தள்ளி நின்னாலே காத்துலயே பத்து மில்லி நொடி போயிடும்.

இன்னொண்ணு, சுரம் அடங்காம நீண்டு ஒலிக்கிற சஸ்டெயினுக்கு ‘நீட்டிப்பு’ன்னு போட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல ‘கார்வை’ இருக்கும்போது அது எதுக்குண்ணே?

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, கார்வையைச் சேர்த்துவிட்டேன். சோதனையும் உள்ளே போகிறது.

அம்மா சொன்னதை ஏற்கிறேன். அளவாகச் சொல்லும் இடமெல்லாம் கடப்பு நேரம். பழுது பார்க்கும் பகுதியில் மட்டும் ‘சுணக்கம் தெரிந்தால்’ என்று இருக்கட்டும். அங்கே அது புகார்தானே. அந்த வரி இப்போது இப்படி: “பின்னொலிக்கு நினைவகம் நிறைய வேண்டும், கடப்பு நேரம் குறையத் தொகுதி சிறியதாக இருக்க வேண்டும்.”

அடுத்த தகராறு ‘இடையகம்’. கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்புக்குப் பாரம் ஏறாமல் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடையோடு முன்னால் நிற்கிற ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) சுற்றும் பஃபர், மாதிரிகளைப் பிடித்து வைக்கிற ரேம் பகுதியும் பஃபர். இரண்டையும் இடையகம் என்றே எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளுக்கொரு சொல் அனுப்புங்கள்.